பஸராவின் இரண்டு கேள்விகள்: மனித சுதந்திரமும் இறைநேசமும்

"எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்." "எழுதினது நடக்கும்." "நஸீப் அவ்வளவுதான்." நம்மவர் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வந்துபோகும் வார்த்தைகள் இவை. ஜனாஸா வீட்டில் இந்த வார்த்தைகளைப் போல ஆறுதல் தருபவை வேறில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதற்கு வேறு என்னதான் இருக்கிறது? ஆனால் இதே வார்த்தைகள் வேறு இடங்களிலும் கேட்கின்றன. படிக்கக்கூடிய பெண்பிள்ளையைச் சாதாரண தரத்தோடு வீட்டில் நிறுத்தும்போதும் "நஸீப்" என்கிறோம். கைக்கூலி பேசி முறிந்துபோன சம்பந்தத்துக்கும் "நாட்டம்" என்கிறோம். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காதவனும் "அல்லாஹ் நாடினால் தருவேன்" என்கிறான். முதல் இடத்தில் ஈமானாக இருந்த வார்த்தை, மற்ற இடங்களில் சாட்டாக மாறிவிடுகிறது.

பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள். "முந்தியே எல்லாம் எழுதியாச்சு எண்டா, பிறகு என்னத்துக்கு சேர் கேள்வி கணக்கு?" என்று கேட்காத வகுப்பு இல்லை. கொஞ்சம் விவரமான பிள்ளை இன்னொன்றும் கேட்கும்: "வணங்குறதுக்கு மலக்குமார் இருக்கத்தானே செஞ்சாங்க, நம்மள ஏன் படைச்சான்?"

இரண்டும் புதிய கேள்விகள் அல்ல. ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்னர் ஈராக்கின் பஸரா நகரத்தில், ஏறக்குறைய நூறு வருட இடைவெளிக்குள், இந்த இரண்டு கேள்விகளும் முஸ்லிம்களால் வெளிப்படையாகக் கேட்கப்பட்டன. முதலாவது கேள்வி இமாம் ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்களைச் சுற்றி எழுந்தது. இரண்டாவதின் விடையோடு ராபிஆ அல்அதவிய்யா (ரஹ்) அவர்களின் பெயர் இணைந்திருக்கிறது. நமது பாடப்புத்தகங்கள் முன்னையதை அகீதாவின் வரலாறாகவும் பின்னையதைத் தஸவ்வுபின் வரலாறாகவும் பிரித்து வைத்துவிட்டன. அவை ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பஸராவும் கத்ர் பற்றிய பேச்சும்

பஸரா உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் ஒரு படைமுகாமாகத் தொடங்கப்பட்ட நகரம். சில பத்தாண்டுகளுக்குள் அது பெரும் பட்டினமாகிவிட்டது. அரபுக் கோத்திரத்தார், பாரசீகத்தார், புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய மவாலிகள், வியாபாரிகள், அடிமைகள் எனப் பலரும் கலந்து வாழ்ந்த இடம். ஜமல் யுத்தம் அதன் அண்டையிலேயே நடந்தது. முஸ்லிமை முஸ்லிம் கொன்ற நினைவு அந்த மண்ணில் காயாமல் இருந்தது. கொன்றவன் பாவியா? கொலை விதிக்கப்பட்டிருந்ததா? இந்தக் கேள்விகள் அங்கே வெறும் தர்க்கத்துக்காக எழுந்தவை அல்ல.

நமது குர்ஆன் மத்ரஸாக்களில் சிறு பிள்ளைகளும் ஒப்புவிக்கும் ஹதீஸ் ஒன்று உண்டு. ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து ஈமான், இஸ்லாம், இஹ்ஸான் பற்றி வினவிய ஹதீஸ் அது. ஈமானின் ஆறு கடமைகளையும் அதிலிருந்துதான் நாம் படித்தோம். ஸஹீஹ் முஸ்லிமில் அந்த ஹதீஸ் தொடங்கும் முறையைப் பலர் கவனிப்பதில்லை. கத்ர் பற்றி பஸராவில் முதன்முதலில் பேசியவர் மஃபத் அல்ஜுஹனீ என்ற தகவலோடுதான் அது தொடங்குகிறது. அவரது கருத்தைக் கேட்டுக் கலங்கிய இருவர் மக்காவுக்குப் போய், அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்களைக் கண்டு முறையிடுகிறார்கள். இப்னு உமர் அக்கருத்திலிருந்து தான் முற்றாக விலகியிருப்பதை அறிவித்து, அதற்கு ஆதாரமாகவே ஜிப்ரீலின் ஹதீஸை எடுத்துரைக்கிறார்கள். அதாவது, நாம் மனனமிட்ட அந்தப் பாடத்தின் வாசலிலேயே பஸராவின் சர்ச்சை நின்றுகொண்டிருக்கிறது.

கத்ரை நம்புவது ஈமானின் ஒரு பகுதி என்பதில் அஹ்லுஸ் ஸுன்னாவிடம் கருத்து வேறுபாடு இல்லை. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் விவகாரம். ஸஹாபாக்கள் அதைக் கைகட்டி உட்கார்ந்திருப்பதற்கான அனுமதியாகக் கொள்ளவில்லை. ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது (ஹிஜ்ரி 18), அங்கு பயணமாகிக்கொண்டிருந்த உமர் (ரழி) படையோடு திரும்பிவிட முடிவுசெய்தார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரழி) கேட்டார்கள். ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்பது உமரின் பதில். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் செழிப்பாகவும் மறுபக்கம் வரண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது கத்ரின்படிதானே என்றும் விளக்கினார்கள். மேய்ப்பவன் செழிப்பான பக்கத்தைத் தேட வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

அரசர்களின் சாட்டு

உமையா ஆட்சியில் நிலைமை மாறியது. இப்னு குதைபா தமது அல்மஆரிஃப் நூலில் ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். மஃபதும் அதாஉ இப்னு யஸாரும் ஹஸன் அல்பஸரீயிடம் வந்து, இந்த ஆட்சியாளர்கள் முஸ்லிம்களின் இரத்தத்தை ஓட்டுகிறார்கள், பொருளைப் பறிக்கிறார்கள், பின்னர் தமது செயல்கள் எல்லாம் அல்லாஹ்வின் கத்ரின்படியே நடக்கின்றன என்கிறார்கள் என்று முறையிட்டனர். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றார் ஹஸன்.

இந்தச் சிறு செய்தி பெரிய விடயத்தைச் சொல்கிறது. சுதந்திரம் பற்றிய முதல் வாதம் முஸ்லிம்களிடையே எழுந்ததற்கு கிரேக்க நூல்களின் மொழிபெயர்ப்பு காரணமல்ல. அது பிந்திய காலத்துக் கதை. அநியாயத்துக்கு அல்லாஹ்வின் பெயரைப் பூசியதால் வந்த வாதம் இது.

ஹஸன் அல்பஸரீ மதீனாவில் ஹிஜ்ரி 21இல் (642) பிறந்து, பஸராவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 110இல் (728) மறைந்தவர். கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வான் (ஆட்சி 685–705) கத்ர் பற்றிய அவரது கருத்தை விளக்கும்படி கேட்டெழுதியதாகவும், அதற்கு அவர் மறுமொழி எழுதியதாகவும் ஒரு ரிஸாலா கிடைத்திருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் ரிட்டர் அதை 1933இல் பதிப்பித்தார். அது ஹஸனின் எழுத்துத்தானா, பின்வந்தோர் அவர் பெயரில் எழுதியதா என்பதில் ஆய்வாளர்கள் இரு கட்சியாக நிற்கிறார்கள். சுலைமான் முராத் போன்றோர் அது பிற்காலத்தது என்கிறார்கள். யார் எழுதியிருந்தாலும் அந்தக் காலத்து வாதத்தின் போக்கை அறிய அது உதவுகிறது.

அந்த ரிஸாலாவின் வாதம் எளிமையானது. ஜின்களையும் மனிதர்களையும் தன்னை வணங்குவதற்காகவே படைத்ததாக அல்லாஹ் கூறுகிறான் (51:56). ஒன்றுக்காகப் படைத்துவிட்டு, அதைச் செய்யவிடாமல் தானே தடுத்து, பிறகு செய்யவில்லை என்று தண்டிப்பது அநீதி. அல்லாஹ் அடியார்களுக்கு அநீதி செய்பவன் அல்லன். அவனுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதனால் அவன் நம்மை நிர்ப்பந்திக்கிறான் என்றாகிவிடாது. ஒரு பிள்ளை சோதனையில் கோட்டை விடும் என்று படிப்பித்தவருக்கு முதலே தெரிந்திருக்கலாம். அவர் அறிந்திருந்ததாலா பிள்ளை கோட்டை விட்டது? படைப்பாளனின் அறிவுக்கும் ஆசிரியரின் ஊகத்துக்கும் மலையளவு வித்தியாசம் உண்டுதான். எனினும் அறிதல் வேறு, கட்டாயப்படுத்துதல் வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த இவ்வுதாரணம் போதும்.

அல்குர்ஆனே இந்தச் சாட்டை முன்னரே இனங்காட்டியிருக்கிறது. இணைவைத்தோர், அல்லாஹ் நாடியிருந்தால் நாங்கள் இணைவைத்திருக்க மாட்டோம் என்று சொல்வார்கள் என 6:148 கூறுகிறது. அது வெறும் ஊகம் என்று அவ்வசனமே கண்டிக்கிறது. ஏழைகளுக்குச் செலவிடுங்கள் என்றபோது, அல்லாஹ் நாடியிருந்தால் அவனே உணவளித்திருப்பானே, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்களை 36:47 காட்டுகிறது. ஆதமையும் இப்லீஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் கட்டளை மீறினார்கள். இப்லீஸ், நீதான் என்னை வழிகெடுத்தாய் என்று அல்லாஹ்வின் மீது போட்டான் (7:16). ஆதமும் ஹவ்வாவும், நாங்கள் எங்களுக்கே அநீதி செய்துகொண்டோம் என்று தம்மீது ஏற்றுக்கொண்டார்கள் (7:23). மன்னிப்பு யாருக்குக் கிடைத்தது என்பது நமக்குத் தெரியும்.

இரண்டு பக்கத்திலும் சிந்திய இரத்தம்

மஃபத் அல்ஜுஹனீ ஹிஜ்ரி 80ஆம் ஆண்டளவில் உமையா ஆட்சியால் கொல்லப்பட்டார். திமிஷ்கில் அதே கருத்தைப் பேசிய கைலான், கலீபா ஹிஷாமின் காலத்தில் (724–743) கொல்லப்பட்டார். இதை வைத்து, சுதந்திரம் பேசியோர் அனைவரும் தியாகிகள், கத்ர் பேசியோர் அனைவரும் அரண்மனை ஆட்கள் என்று எழுதிவிடுவது சுலபம். சில நவீன எழுத்தாளர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் வரலாறு அவ்வளவு நேர்கோட்டில் போகவில்லை. மனிதனுக்கு எந்தத் தெரிவும் இல்லை, காற்றில் பறக்கும் இறகுபோலத்தான் அவன் என்ற ஜபரிய்யாக் கருத்தின் தலைவராகச் சொல்லப்படும் ஜஹ்ம் இப்னு ஸஃப்வானும் அதே உமையா ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சியில் சேர்ந்து ஹிஜ்ரி 128இல் (746) கொல்லப்பட்டார். அரசியல் வேறு, அகீதா வேறு என்று முற்றாகப் பிரிக்கவும் முடியாது. ஒன்றை மற்றதால் விளக்கிவிடவும் முடியாது.

ஹஸனின் அவையிலிருந்து விலகியவராகச் சொல்லப்படும் வாஸில் இப்னு அதாஉ (700–748) முஃதஸிலாக்களின் முன்னோடி. மனிதன் தன் செயலைத் தானே ஆக்குகிறான், இல்லையேல் அல்லாஹ்வின் நீதிக்குப் பொருளில்லை என்பது முஃதஸிலாக்களின் அடிப்படை. தம்மை நீதியினதும் ஏகத்துவத்தினதும் ஆட்கள் என்றே அவர்கள் அழைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களின் கை ஓங்கிய காலத்தில் நடந்ததை மறக்கக்கூடாது. கலீபா மஃமூன் 833இல் மிஹ்னா எனும் விசாரணையைத் தொடங்கினார். குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஏற்காத உலமாக்கள் சிறையிடப்பட்டனர். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களுக்கு முஃதஸிமின் ஆட்சியில் கசையடி விழுந்தது. முதவக்கிலின் காலத்தில்தான் அது நின்றது. மனிதனின் தெரிவைப் பற்றி அவ்வளவு பேசியவர்கள், இன்னொரு மனிதனின் நெஞ்சுக்குள் இருந்த நம்பிக்கையைச் சவுக்கால் மாற்றப் பார்த்தார்கள். சுதந்திரம் என்ற கொள்கையை வைத்திருப்பது ஒன்று. அடுத்தவருக்கு அதைக் கொடுப்பது வேறொன்று.

மூன்று சகோதரர்களின் கணக்கு

இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்) ஹிஜ்ரி 260இல் அதே பஸராவில் பிறந்தார். முஃதஸிலாத் தலைவர் அல்ஜுப்பாஈயின் மாணவர். அவர் அந்த அணியைவிட்டு வெளியேறியதற்குக் காரணமாகச் சொல்லப்படும் கதை பிரசித்தமானது. மூன்று சகோதரர்கள். மூத்தவன் நல்லடியானாக மரணித்தான். நடுவிலவன் பாவியாக மரணித்தான். கடைசிப் பிள்ளை சிறுவயதில் மௌத்தாகியது. மூத்தவனுக்குச் சுவர்க்கத்தில் உயர்ந்த இடம். என்னையும் வளரவிட்டிருந்தால் நானும் அமல் செய்திருப்பேனே என்று சிறுபிள்ளை கேட்டால் அல்லாஹ் என்ன சொல்வான் என்று அஷ்அரீ கேட்டார். நீ வளர்ந்திருந்தால் பாவியாகியிருப்பாய், அதனால் உன் நன்மைக்காகவே முந்தி எடுத்தேன் என்பான் என்றார் ஆசிரியர். அப்படியென்றால் நடுவிலவன், என்னையும் சிறுவயதில் எடுத்திருக்கலாமே என்று கேட்பானே என்றார் மாணவர். ஆசிரியரிடம் பதில் இருக்கவில்லை.

நீதி என்பதை நம்முடைய கணக்குப் புத்தகத்தை வைத்து அளந்து, அல்லாஹ் இப்படித்தான் செய்தாக வேண்டும் என்று சொல்லப்போனால் எங்கே முடியும் என்பதைக் காட்டும் கதை இது. அஷ்அரீ, அல்லாஹ்வின் வல்லமைக்கு எல்லை போடாமல் மனிதனின் பொறுப்பையும் காக்கும் ஒரு வழியைத் தேடினார். அதுவே கஸ்பு எனும் ஈட்டுதல் கோட்பாடு. செயலைப் படைப்பவன் அல்லாஹ். அதை ஈட்டிக்கொள்பவன் மனிதன். குளிரில் நடுங்கும் கைக்கும், நாமாக உயர்த்தும் கைக்கும் வித்தியாசத்தை ஒவ்வொருவனும் தன்னுள்ளே உணர்கிறான். அந்த வித்தியாசத்தில்தான் பொறுப்பு நிற்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் ஸமர்கந்தில் வாழ்ந்த இமாம் மாதுரீதீ (ரஹ்) தெரிவுக்கு இன்னும் கூடுதல் இடம் கொடுத்தார். நமது நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபினர். நமது அறபுக் கல்லூரிகளில் வழிவழியாகப் படிப்பிக்கப்படுவது அஷ்அரீ அகீதா. ஆகவே கஸ்பு என்பது நமக்குத் தூரத்து ஊர்ச் சங்கதி அல்ல. "எழுதினது நடக்கும்" என்பதோடு பாடத்தை நிறுத்திவிட்டு, "நீ ஈட்டியதற்கு நீயே பொறுப்பு" என்ற பாதியை விட்டுவிட்டால், அது அஷ்அரீயின் பாடமாகாது; ஜஹ்மின் பாடமாகிவிடும்.

இத்தனை வாதத்துக்குப் பிறகும் ஒன்று குறைகிறது. மனிதனுக்குத் தெரிவு உண்டு, கேள்வி கணக்கு நியாயமானது என்பது வரை வந்துவிட்டோம். அந்தத் தெரிவை ஏன் தந்தான்? நரகத்துக்கு ஆள் சேர்க்கவா? இதுதான் விவரமான பிள்ளை கேட்ட இரண்டாவது கேள்வி.

விடுதலை பெற்ற ஒரு பெண்

ராபிஆ அல்அதவிய்யா பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 185இல் (801) மறைந்ததாகக் கொள்ளப்படுகிறது. பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ் (மறைவு 869) தமது நூல்களில் அவரைக் குறிப்பிட்டிருப்பதால், அவர் கற்பனைப் பாத்திரம் அல்லர். ஆனால் நாம் அறிந்த கதைகளில் பெரும்பாலானவை, நானூறு வருடங்கள் கழித்து பரீதுத்தீன் அத்தார் எழுதிய தத்கிரதுல் அவ்லியாவிலிருந்து வருபவை. ஹஸனும் ராபிஆவும் சந்தித்து உரையாடியதாக அத்தார் சொல்லும் சம்பவங்களை வரலாறாக ஏற்க இயலாது. ஹஸன் மறைந்தபோது ராபிஆ சிறுபிள்ளையாக இருந்திருப்பார். எனினும் சமூகத்தின் நினைவு இந்த இருவரையும் ஒரே அவையில் உட்கார வைத்தது ஏன் என்பது யோசிக்கத்தக்கது. அவனிடம் கணக்கு உண்டு என்று அஞ்சி அழுதவர் ஒருவர். கணக்கையே மறந்து நேசித்தவர் மற்றவர். இருவரும் ஒன்றாக இருந்தால்தான் மார்க்கம் முழுமையாகும் என்று மக்கள் நினைத்திருக்க வேண்டும்.

அத்தார் சொல்லும் கதையின்படி, பஞ்ச காலத்தில் அநாதையான ராபிஆ சில திர்ஹங்களுக்கு அடிமையாக விற்கப்படுகிறார். பகலெல்லாம் எஜமானுக்கு வேலை, இரவெல்லாம் வணக்கம். ஓர் இரவு எஜமான் அவரது தொழுகையைக் கண்டு நடுங்கிப்போய், காலையில் விடுதலை கொடுக்கிறான். இங்கேயே இருந்தால் நாங்கள் உனக்குப் பணி செய்கிறோம், போக விரும்பினால் போகலாம் என்கிறான். ராபிஆ அனுமதி பெற்று வெளியேறுகிறார். அதன்பின் அவர் யாருக்கும் அடிமையாகவில்லை. வந்த திருமணப் பேச்சுகளையும் ஏற்கவில்லை. அடிமையாக இருந்தபோது கட்டளைக்குக் கீழ்ப்படிவது என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அடி விழும் என்று செய்யும் வேலை எப்படியிருக்கும், கூலிக்காகச் செய்யும் வேலை எப்படியிருக்கும் என்பதும் தெரியும். எனவேதான், நரகத்துக்குப் பயந்தும் சுவர்க்கத்துக்கு ஆசைப்பட்டும் செய்யும் வணக்கத்துக்கு அப்பால் ஒரு வணக்கம் உண்டு என்று அவரால் சொல்ல முடிந்தது என்று தோன்றுகிறது. விடுதலையின் சுவையை அறிந்தவருக்கே நேசத்தின் சுவை புரியும்.

ஒரு கையில் தீப்பந்தமும் மறுகையில் தண்ணீர்ப் பாத்திரமும் ஏந்தி, சுவர்க்கத்தை எரிக்கவும் நரகத்தை அணைக்கவும் போகிறேன் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உலகெங்கும் பரவியிருக்கிறது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜுவான்வில், மன்னன் லூயியின் சிலுவைப் போர் பற்றி 1309இல் முடித்த நூலில், திமிஷ்கில் ஒரு கிழவியை இதே கோலத்தில் தம்மவர் ஒருவர் கண்டதாக எழுதியிருக்கிறார். போர் செய்ய வந்தவர்களின் ஏட்டிலும் இடம்பிடித்த செய்தி இது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அச்சமும் ஆதரவும் தாழ்ந்தவை என்று அல்குர்ஆன் சொல்லவில்லை. அச்சத்தோடும் ஆசையோடும் தம் இரட்சகனை அழைப்பவர்களை அது புகழ்கிறது (32:16). ராபிஆவின் வார்த்தை, நம்மைப் போன்றவர்களின் தொழுகையை மட்டம் தட்டுவதற்காக வந்ததல்ல. படிகளில் மேலும் ஒரு படி இருக்கிறது என்று காட்டுவதற்காக வந்தது.

இஹ்யாவின் அடுத்தடுத்த இரு பகுதிகள்

பஸராவின் இரு கேள்விகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தவர் இமாம் கஸாலி (ரஹ்) (1058–1111). இஹ்யா உலூமித்தீன் நாற்பது பகுதிகளைக் கொண்டது. அதன் 35ஆவது பகுதி ஏகத்துவத்தையும் தவக்குலையும் பற்றியது. 36ஆவது பகுதி நேசத்தைப் பற்றியது.

35ஆவது பகுதியில் ஒரு உருவகக் கதை வருகிறது. வெள்ளைத் தாளின் முகம் கறுத்துப்போனதைக் கண்ட ஒருவன், ஏன் இப்படி ஆனாய் என்று கேட்கிறான். மையைக் கேள் என்கிறது தாள். மை பேனையைக் காட்டுகிறது. பேனை கையை, கை சக்தியை, சக்தி நாட்டத்தை, நாட்டம் அறிவைக் காட்டுகிறது. இப்படியே விசாரித்துக்கொண்டு போனவன் கடைசியில் படைத்தவனின் சந்நிதியில் வாயடைத்து நிற்கிறான். மனிதன் தெரிவு செய்யும்படி நிர்ப்பந்திக்கப்பட்டவன் என்பது கஸாலியின் முடிபு. தெரிவு செய்யாமல் தப்ப நமக்கு வழியில்லை. தெரிவு என்பதே நம்மீது எழுதப்பட்ட விதி.

இதற்கு அடுத்த பகுதியில், அல்லாஹ்வை நேசிப்பது என்றால் வழிப்பட்டு நடப்பதுதான், வேறு பொருளில்லை என்று சொன்ன அறிஞர்களை கஸாலி மறுக்கிறார். வழிப்படுதல் நேசத்தின் விளைவு. நேசமே அதற்கு முந்தியது என்கிறார். தன் உயிர் நிலைப்பதில் உள்ள விருப்பம், தனக்கு உபகரித்தவன் மீதான அன்பு, உபகாரம் எங்கிருந்தாலும் அதன் மீதான அன்பு, அழகின் மீதான அன்பு, இனம்புரியாத உள்ளுறவு என நேசத்தின் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை அனைத்தும் முழுமையாகப் பொருந்துவது அல்லாஹ்வுக்கே என்று நிறுவுகிறார். தெரிவு பற்றிய பகுதிக்கு அடுத்ததாக நேசம் பற்றிய பகுதியை அவர் வைத்ததில் ஒரு கருத்து இருப்பதாகவே நான் வாசிக்கிறேன்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது இன்னொரு வழியாலும் விளங்கும். தொல்காப்பியம் திணைகளை ஏழாக வகுத்து, ஒருபக்கக் காதலைக் கைக்கிளை என்றும், பொருந்தாத காமத்தைப் பெருந்திணை என்றும் ஓரங்களில் நிறுத்தியது. இருபக்கமும் ஒத்த அன்புக்கே நடுவில் ஐந்திணை என்ற இடம் கொடுத்தது. வலிந்து பெறுவது அன்பாகாது என்பது நம் மொழியின் பழைய தீர்ப்பு. அல்குர்ஆனின் 5:54 ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லும்போது, அவன் அவர்களை நேசிப்பான், அவர்கள் அவனை நேசிப்பார்கள் என இருபக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. அவனுடைய நேசம் முதலில் வருகிறது. அடியானின் நேசம் அதற்கு மறுமொழியாக வருகிறது. குணங்குடி மஸ்தான் சாஹிபு (1792–1838) இறைவனை மனோன்மணி என்று காதலியாக விளித்துப் பாடியபோது, தமிழின் அகமரபும் ராபிஆவின் வழியும் ஓரிடத்தில் சந்தித்தன.

மலக்குமார் இருக்க மனிதன் ஏன்?

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருவோம். இதே கேள்வியை மலக்குமாரும் கேட்டார்கள். குழப்பம் செய்து இரத்தம் சிந்தும் ஒருவரையா பூமியில் ஆக்கப்போகிறாய், நாங்கள் உன்னைத் துதித்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்றார்கள் (2:30). அல்லாஹ் அவர்கள் சொன்னதை மறுக்கவில்லை. மனிதன் இரத்தம் சிந்த மாட்டான் என்று கூறவில்லை. நீங்கள் அறியாததை நான் அறிவேன் என்றே கூறினான். மலக்குமார் அவன் ஏவியதை மீறாதவர்கள் (66:6). மீற முடிந்தும் மீறாத ஒருவனின் ஸுஜூத் அதுவரை படைப்பில் இருக்கவில்லை. வானங்களும் பூமியும் மலைகளும் சுமக்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் ஏற்றுக்கொண்டான் என்கிறது 33:72. அந்த அமானிதத்துக்கு முஃபஸ்ஸிர்கள் பல பொருள் கூறியிருக்கிறார்கள். மார்க்கக் கடமைகளும் அவற்றை ஏற்று நடக்கும் பொறுப்பும் என்பது பலரது விளக்கம். தெரிவு செய்ய முடிந்தவனிடம்தானே அமானிதம் ஒப்படைக்கப்படும்?

ஸூபிகள் இங்கே மறைந்த பொக்கிஷம் பற்றிய வாசகத்தை எடுத்துக்காட்டுவார்கள். தான் அறியப்பட விரும்பியதால் அல்லாஹ் படைப்பைப் படைத்தான் என்பது அதன் சாரம். அது நபிமொழி அல்ல என்று இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) சொல்லியிருக்கிறார். அதை அதிகம் பரப்பிய இப்னு அரபீயும் அறிவிப்பாளர் வரிசையால் அது உறுதியாகவில்லை என்றே ஒப்புக்கொண்டு, கஷ்பின் வழியில் ஏற்றார். எனவே அதை ஹதீஸாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சரியல்ல. அதற்குத் தேவையுமில்லை, மேலே காட்டிய வசனங்களே போதும்.

இன்று நமக்கு

மௌலானா ரூமி மஸ்னவியின் ஐந்தாம் பாகத்தில் ஒரு கதை சொல்கிறார். ஒருவன் தோட்டத்தில் ஏறிப் பழம் பறிக்கிறான். சொந்தக்காரன் கேட்டதற்கு, அல்லாஹ்வின் தோட்டத்தில் அல்லாஹ்வின் அடியான் அல்லாஹ் தந்த பழத்தைத் தின்கிறான், உனக்கென்ன என்கிறான். சொந்தக்காரன் அவனை மரத்தில் கட்டிவைத்து, அல்லாஹ்வின் தடியால் அல்லாஹ்வின் அடியானை அடிக்கிறேன் என்று விளாசுகிறான். நாலு அடி விழுந்ததும், தெரிவு உண்டு, தெரிவு உண்டு என்று கள்ளன் கத்துகிறான். நம்மில் பலருக்கும் இதே நிலைமைதான். நாம் செய்த அநியாயத்துக்கு "நாட்டம்". நமக்குச் செய்யப்பட்ட அநியாயத்துக்கு மட்டும் பொலிஸும் வழக்கும்.

கத்ரை எங்கே சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பரில் கடல் வந்து நமது கரையோர ஊர்களை அள்ளிச் சென்றபோது, கத்ர் மீதான ஈமான்தான் மிஞ்சியவர்களை நிமிர்த்தி வைத்தது. அந்த இடத்தில் அது சத்தியம். ஆனால் தகப்பனில்லாத பிள்ளையின் பங்கு பறிபோவதும், கூலிக்காரனின் சம்பளம் நிற்பதும், பெண்பிள்ளையின் படிப்பு முடங்குவதும் கடலால் வந்தவை அல்ல. அவற்றைச் செய்த கைகளுக்குப் பெயருண்டு. அந்த இடத்தில் "நஸீப்" என்பவர், ஹஸன் அல்பஸரீயிடம் முறையிடப்பட்ட அரசர்களின் மொழியைப் பேசுகிறார்.

அடுத்தது, மார்க்கத்தைக் கொடுக்கும் முறை. நிர்ப்பந்தம் இல்லை என்று 2:256 கூறுகிறது. விசுவாசிகளாகும்படி மனிதர்களை நிர்ப்பந்திப்பீரா என்று நபிகளாரிடமே 10:99 கேட்கிறது. ஆனால் நமது பிள்ளைகளில் கணிசமானோர் அல்லாஹ்வின் பெயரை முதன்முதலில் அறிந்துகொள்வது பிரம்போடு சேர்த்துத்தான். அடிக்குப் பயந்து ஓதிய பிள்ளை, அடிக்கும் கை எட்டாத வயது வந்ததும் ஓதலை விட்டுவிடுகிறது. பிறகு நாம் காலத்தைக் குறைசொல்கிறோம். ஒழுங்கும் கண்டிப்பும் வேண்டாம் என்பதல்ல. அச்சத்தை மட்டும் ஊட்டி நேசத்தை ஊட்டாமல் விட்டால், அந்தப் பிள்ளையின் கையில் கணக்குப் புத்தகம் மட்டுமே மிஞ்சும்.

அல்லாஹ் நம்மை மலக்குமாரைப் போல ஆக்கியிருக்கலாம். ஆக்கவில்லை. நமது ஸுஜூத் இல்லாமல் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் விட்டுப் போகக் கூடியவர்களாக நம்மைப் படைத்து, வாருங்கள் என்று அழைக்கிறான். போகக் கதவு திறந்திருந்தும் போகாமல் நிற்பவனின் ஒரு ஸுஜூதைத்தான் அவன் விரும்பியிருக்கிறான் என்றே, பஸராவின் இந்த இருவரையும் சேர்த்து வாசிக்கும்போது விளங்குகிறது.

வல்லாஹு அஃலம்.